உணவுக்குழாய் புற்றுநோய்க்கு ரோபோ ஆபரேஷன்: நோயாளிகளும் வீட்டாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரைப்பை, குடல் அறுவை சிகிச்சை வார்டில் செவிலியராக வேலை பார்க்கிறேன். உணவுக்குழாய் புற்றுநோய் என்று தெரிந்து வருகிறவர்களின் வீட்டார் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். டாக்டர் அறையில் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, வெளியே வந்ததும் “சிஸ்டர், ஒரு நிமிஷம்” என்று ஆரம்பிப்பார்கள். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டு நோயாளிக்கு எது சரி என்பதை அவருடைய ஸ்கேனையும் பயாப்சியையும் பார்த்த மருத்துவர்தான் சொல்ல முடியும்.

உணவுக்குழாய் ஆபரேஷன்னா உள்ளே என்னதான் செய்வாங்க?

தொண்டையிலிருந்து இரைப்பை வரை சுமார் 25 சென்டிமீட்டர் நீளத்துக்கு உணவுக்குழாய் இறங்குகிறது. அதில் பெரும்பகுதியையும், அதைச் சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளையும் (நெறிக்கட்டிகள்) எடுத்துவிடுவார்கள். பிறகு இரைப்பையை ஒரு நீண்ட குழாய் போலத் தைத்து மேலே இழுத்து, மிச்சமிருக்கும் உணவுக்குழாயோடு இணைப்பார்கள். இணைப்பு கழுத்திலும் வரலாம், மார்புக்குள்ளும் வரலாம். கட்டி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

வயிறு, மார்பு, சில சமயம் கழுத்து என்று இரண்டு மூன்று இடங்களில் வேலை நடப்பதால் இது ஆறேழு மணி நேரம்கூட ஆகும். இருதயம், மூச்சுக்குழாய், பெரிய ரத்தக்குழாய் எல்லாவற்றையும் ஒட்டியே உணவுக்குழாய் போகிறது. 1913-இல் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரெக் என்ற மருத்துவர் மார்பைத் திறந்து இதை முதன்முதலில் வெற்றிகரமாக எடுத்தார். அந்தக் காலத்தில் இரைப்பையை மேலே கொண்டுவந்து இணைக்கும் வழி கைவரவில்லை. நோயாளியான அந்த அம்மாள் கழுத்திலிருந்து வயிற்றுக்கு உடம்புக்கு வெளியே ஒரு ரப்பர் குழாய் வைத்துக்கொண்டு, அதன் வழியாகச் சாப்பிட்டு 13 ஆண்டு வாழ்ந்தார்.

ரோபோவே ஆபரேஷன் பண்ணிடுமா? டாக்டர் சும்மா பார்த்துக்கிட்டு இருப்பாரா?

இல்லை. ரோபோ தானாக ஒரு தையல்கூடப் போடாது. அறுவை மருத்துவர் அதே அறையில், நோயாளியிடமிருந்து சில அடி தள்ளி, ஒரு மேசை போன்ற கருவியின் முன் உட்கார்ந்திருப்பார். அவருடைய இரண்டு கைவிரல்களும் பிடிகளுக்குள் இருக்கும், கால்கள் பெடலில் இருக்கும், கண் முப்பரிமாணப் படத்தில் இருக்கும். அவர் கையை அசைத்தால் நோயாளிக்கு மேலே நிற்கும் கைகள் அசையும். அவர் நிறுத்தினால் அவையும் நின்றுவிடும்.

நோயாளியின் பக்கத்தில் இன்னொரு அறுவை மருத்துவர் கை கழுவி, கவுன் போட்டு நின்றுகொண்டே இருப்பார். ரத்தம் உறிஞ்சுவது, கருவி மாற்றுவது, அவசரமென்றால் உடனே திறப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மயக்க மருத்துவரும் செவிலியர்களும் எப்போதும்போல இருப்பார்கள்.

லேப்ராஸ்கோப்பியும் ஓட்டை போட்டுத்தானே செய்றாங்க? என்ன வித்தியாசம்?

ஓட்டைகள் ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் ஒரு சென்டிமீட்டர். வித்தியாசம் உள்ளே போகும் கருவியில். சாதாரண லேப்ராஸ்கோப்பிக் கருவி நீளமான நேர்க்குச்சி. முனை திறந்து மூடும், சுழலும், அவ்வளவுதான். ரோபோவின் கருவி முனையில் மணிக்கட்டு போல ஒரு மடிப்பு இருக்கிறது. விலா எலும்புகளுக்கு நடுவே நுழைந்து, மார்புக்குழியின் உச்சியில் பக்கவாட்டில் திரும்பித் தைக்க அந்த மடிப்பு உதவுகிறது. கை நடுக்கத்தையும் இயந்திரம் வடிகட்டிவிடுகிறது. கேமராவை அறுவை மருத்துவரே நகர்த்துவதால் படம் ஆடாது.

வயிற்றுக்குள் இந்த வசதி அவ்வளவு பெரிய விஷயமாகத் தெரியாது. மார்புக்குள், அதுவும் கழுத்தை நெருங்கும் இடத்தில், இடம் மிகக் குறுகல். அங்கேதான் ரோபோ தன் விலையை நியாயப்படுத்துகிறது என்பது என் எண்ணம்.

நடுவில கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க?

தியேட்டருக்கு ஜெனரேட்டரும் யுபிஎஸ்ஸும் உண்டு, இயந்திரத்துக்குள்ளும் பேட்டரி உண்டு. இயந்திரமே பழுதாகி நின்றாலும் கருவியின் பிடியைக் கையால் விடுவித்து வெளியே எடுக்க வழி இருக்கிறது. அப்புறம் லேப்ராஸ்கோப்பியாகவோ திறந்தோ தொடர்வார்கள். அதற்கான கருவித் தட்டுகள் ஆரம்பத்திலேயே தயாராக எடுத்து வைக்கப்படும்.

உணவுக்குழாய் கேன்சர்னா எல்லாருக்கும் ரோபோ ஆபரேஷன் செய்யலாமா?

எல்லோருக்கும் ஆபரேஷனே தேவைப்படாது. கட்டி உணவுக்குழாயின் உள்பக்க மெல்லிய தோலோடு நின்றுவிட்டால், எண்டோஸ்கோப்பி வழியாகவே அந்த இடத்தைச் சீவி எடுத்துவிடலாம். வெளியே ஒரு கீறல்கூடக் கிடையாது. ஈரல், நுரையீரல் என்று பரவிவிட்டால் ஆபரேஷன் பயன் தராது. மருந்தும், விழுங்குவதற்கு வழி செய்யும் ஸ்டென்டும், வலியைக் குறைப்பதும்தான் அப்போது முக்கியம். தொண்டையை ஒட்டி மிக மேலே இருக்கும் கட்டிக்குப் பெரும்பாலும் கீமோவும் ரேடியேஷனும்தான் முதன்மை சிகிச்சை. குரல்வளையைச் சேர்த்து எடுக்க நேராமல் பார்ப்பதே அதன் நோக்கம்.

நடுவில் இருப்பவர்கள்தான் ஆபரேஷனுக்கு வருகிறார்கள்: சுவரைத் துளைத்து வளர்ந்திருக்கும், பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்கும் போயிருக்கலாம், ஆனால் தூரத்துக்குப் பரவவில்லை.

கேன்சர்னு தெரிஞ்சு இவ்வளவு நாளாச்சு, உடனே எடுக்காம ஏன் கீமோ, ரேடியேஷன்னு அலைய விடுறாங்க?

இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த நோயில் ஆயுளைக் கூட்டிய பெரிய மாற்றம் வந்ததே இந்த “அலைச்சலில்”தான். நெதர்லாந்தில் நடந்த கிராஸ் என்ற ஆய்வு 2012-இல் வெளிவந்தது. நேரே ஆபரேஷன் செய்தவர்களில் பாதிப்பேர் உயிரோடிருந்த காலம் 24 மாதம். ஐந்து வாரம் கீமோவும் ரேடியேஷனும் கொடுத்து, பிறகு ஆபரேஷன் செய்தவர்களில் அது 49 மாதம். இந்தியாவில் அதிகம் வரும் ஸ்குவாமஸ் (உள்தோல் அணுக்களில் தோன்றும்) வகையில் பலன் இன்னும் கூடுதலாகவே தெரிந்தது.

மேலை நாடுகளில் அதிகமாக வரும், இரைப்பையை ஒட்டிய அடினோகார்சினோமா (சுரப்பி அணுக்களில் தோன்றும்) வகைக்கு இப்போது ஃப்ளாட் என்ற கீமோ கூட்டு முன்னுக்கு வந்திருக்கிறது. 2025-இல் வெளிவந்த எசோபெக் ஆய்வில் ஃப்ளாட் பெற்றவர்களுக்கு 66 மாதம், கிராஸ் முறை பெற்றவர்களுக்கு 37 மாதம். எனவே பயாப்சி ரிப்போர்ட்டில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். பெரும்பாலோர் “கேன்சர்” என்ற சொல்லோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

திறந்து செய்றதைவிட ரோபோ நல்லதுன்னு நிரூபிச்சிருக்காங்களா, இல்ல விளம்பரமா?

நிரூபணம் இருக்கிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2003 முதலே ரோபோவில் உணவுக்குழாய் எடுத்துவந்தார்கள். 112 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ரோபோ, மறு பாதிக்கு மார்பைத் திறந்து செய்தார்கள். முடிவு 2019-இல் வந்தது. ஆபரேஷனுக்குப் பிந்தைய சிக்கல்கள் ரோபோவில் 59 சதவீதம், திறந்ததில் 80 சதவீதம். நுரையீரல் சிக்கல் 32-க்கு 58. இருதயச் சிக்கல் 22-க்கு 47. வலியும் குறைவு, நடமாட்டமும் சீக்கிரம்.

இந்த எண்களில் இன்னொன்றையும் பாருங்கள். ரோபோவில் செய்தும் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏதோ ஒரு சிக்கல் வந்திருக்கிறது. “ரோபோன்னா நாலு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்” என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். இது பெரிய ஆபரேஷன், எந்த வழியில் செய்தாலும்.

அப்ப சாதாரண லேப்ராஸ்கோப்பியைவிடவும் ரோபோ மேலா?

இங்கேதான் விஷயம் நுணுக்கமாகிறது. மேலே சொன்ன உட்ரெக்ட் ஆய்வு ரோபோவை ஒப்பிட்டது திறந்த ஆபரேஷனோடு. திறக்காமல் செய்வதன் நன்மை ரோபோவுக்கு முன்பே தெரிந்ததுதான். 2012-இல் வந்த டைம் என்ற ஆய்வில், முதல் இரண்டு வாரத்தில் நுரையீரல் தொற்று திறந்த ஆபரேஷனில் 29 சதவீதம், கேமரா வழி ஆபரேஷனில் (லேப்ராஸ்கோப்பி என்று நீங்கள் கேட்பது இதைத்தான்) 9 சதவீதம். அந்த ஆய்வில் மார்பு வேலையை நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்துச் செய்தார்கள். குப்புறப் படுத்தால் நுரையீரல் தானாகவே முன்னால் சரிந்து வழிவிடும், ரத்தமும் பார்வையை மறைக்காது. இந்தக் குப்புற முறையில் 130 பேருக்குச் செய்த அனுபவத்தை 2006-இல் உலகுக்கு எழுதிக் காட்டியது கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையின் டாக்டர் சி. பழனிவேலு குழு. இது நம் ஊரில் பலருக்குத் தெரிவதே இல்லை.

ரோபோவையும் கேமரா வழி ஆபரேஷனையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வு சீனாவில் ஆறு மருத்துவமனைகளில் 362 பேரிடம் நடந்தது. 2022-இல் அச்சானது. சிக்கல்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். ரோபோவில் நேரம் குறைந்தது: சராசரியாக 204 நிமிடத்துக்கு 245 நிமிடம். இடது குரல் நரம்பை ஒட்டிய நிணநீர் முடிச்சுகளை எடுப்பது ரோபோவில் 79.5 சதவீதம் பேருக்குக் கைகூடியது, மற்றதில் 67.6 சதவீதம். ஏற்கெனவே கீமோ, ரேடியேஷன் பெற்றவர்களிடம் மார்பிலிருந்து எடுத்த முடிச்சுகளும் ரோபோவில் சற்று அதிகம்.

ஆகவே நன்றாகப் பழகிய கை லேப்ராஸ்கோப்பியில் செய்தால் உங்களுக்குப் பெரிதாக எதுவும் குறைந்துவிடாது. ரோபோ இல்லாத ஊரில் இருக்கிறோமே என்று கலங்க வேண்டியதில்லை.

ரோபோவில செஞ்சா ஆயுசு கூடுமா?

இதுவரை கூடியதாகத் தெரியவில்லை. உட்ரெக்ட் ஆய்வில் ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது ரோபோ பிரிவில் 41 சதவீதம் பேரும், திறந்த பிரிவில் 40 சதவீதம் பேரும் உயிரோடிருந்தார்கள். ஒரே அளவுதான். புற்றுநோய் எந்த நிலையில் பிடிபட்டது, முன்னால் கொடுத்த சிகிச்சைக்கு எப்படிக் கரைந்தது என்பவைதான் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. ரோபோ தருவது அந்த ஆயுளின் முதல் சில மாதங்களைக் கொஞ்சம் சுலபமாக்கும் வாய்ப்பு. அதுவே சின்ன விஷயமில்லை. வெண்டிலேட்டரில் மூன்று வாரம் கிடந்தவரையும், மூன்றாம் நாள் வராண்டாவில் நடந்தவரையும் பார்த்தவள் நான்.

ஆபரேஷனுக்கு அப்புறம் குரல் போயிடும்னு சொல்றாங்களே, உண்மையா?

சிலருக்குக் கம்மிப்போகும். குரல் நரம்பு போகும் வழியே விசித்திரமானது. இடது பக்க நரம்பு கழுத்திலிருந்து மார்புக்குள் இறங்கி, மகாதமனியின் (இருதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) வளைவுக்குக் கீழே சுற்றி, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலுள்ள பள்ளத்தில் மறுபடி மேலே ஏறிக் குரல்வளைக்குப் போகிறது. ஸ்குவாமஸ் புற்றுநோய் பரவ விரும்பும் முடிச்சுகள் சரியாக அந்த நரம்பை ஒட்டியே இருக்கின்றன. எடுக்காமல் விட்டால் நோய் தங்கும், எடுக்கப் போனால் நரம்பு நசுங்கலாம், இழுபடலாம், சூடு படலாம்.

மேலே லேப்ராஸ்கோப்பிக் கேள்வியில் சொன்ன சீன ஆய்வில் ரோபோவால் இந்த முடிச்சுகளை எடுப்பது நன்றாக நடந்தாலும், குரல் நரம்புப் பாதிப்பு பெரிய அளவில் குறைந்துவிடவில்லை. பெரும்பாலோருக்கு நரம்பு அறுபடாமல் அதிர்ச்சியில் இருப்பதால் சில மாதங்களில் குரல் திரும்பிவிடும். அதைவிட நான் கவலைப்படுவது புரையேறுவதைப் பற்றி. குரல்நாண் சரியாக மூடாவிட்டால் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். குரல் கரகரத்தவர் விழுங்கும் பயிற்சியாளர் பார்க்காமல் தண்ணீர் குடிக்கக் கூடாது. “ஒரு மடக்குதானே” என்று வீட்டார் கொடுத்துவிடுவதுதான் ஆபத்து.

தைச்ச இடம் கசியும்னு பயமுறுத்துறாங்க. ரோபோன்னா கசியாதா?

ரோபோவிலும் கசியலாம். மேலே இழுக்கப்பட்ட இரைப்பைக் குழாயின் நுனிக்கு ரத்தம் போவது கடினம் என்பதே முதல் காரணம். எத்தனை அழகாகத் தைத்தாலும் ரத்தம் வராத இடம் ஒட்டாது. இப்போது ஐசிஜி என்ற பச்சைச் சாயத்தை ரத்தக்குழாயில் ஏற்றி, தனிவகை ஒளியில் பார்க்கிறார்கள். ரத்தம் ஓடும் இடம் பச்சையாக ஒளிரும், அந்த இடத்தைத் தேர்ந்து இணைப்பார்கள். ரோபோவின் கேமராவிலேயே இந்த வசதி இருக்கிறது, நல்ல லேப்ராஸ்கோப்பிக் கேமராக்களிலும் இருக்கிறது.

கழுத்தில் இணைத்தது கசிந்தால் பெரும்பாலும் எச்சில் வெளியே வடிந்து, கட்டு மாற்றிக்கொண்டே இருக்க ஆறிவிடும். மார்புக்குள் கசிந்தால் நிலைமை கடுமை. காய்ச்சல், காரணமில்லாத படபடப்பு, மூச்சிரைப்பு என்று எது தெரிந்தாலும் நடுராத்திரி என்று பார்க்காமல் எங்களைக் கூப்பிடுங்கள்.

செலவு எவ்வளவு கூடும்? இன்சூரன்ஸ் கொடுக்குமா?

கூடும். ரோபோவின் ஒவ்வொரு கருவிக்கும் இத்தனை முறைதான் பயன்படுத்தலாம் என்ற எண்ணிக்கை அதன் சிப்பிலேயே இருக்கிறது, அது முடிந்ததும் இயந்திரம் அதை ஏற்காது. அந்தச் செலவும், இயந்திரத்தின் பராமரிப்பும் பில்லில் வரும். ஆபரேஷன் கட்டணம், ரோபோ கட்டணம், ஐசியு கட்டணம் மூன்றையும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். ஐசியு ஒரு வாரம் நீண்டால் எவ்வளவு ஆகும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். குடும்பங்களைச் சாய்ப்பது பெரும்பாலும் அந்த நீட்டிப்புத்தான்.

இந்தியாவில் 2020 அக்டோபர் முதல், ரோபோ ஆபரேஷன் என்பதற்காக மட்டுமே மருத்துவக் காப்பீட்டை மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி இருக்கிறது. ஆனால் அதற்கு ஓர் உச்சவரம்பு வைத்துக்கொள்ளலாம். பாலிசியில் “நவீன சிகிச்சைகள்” என்ற தலைப்பைத் தேடிப் படியுங்கள், வரம்பு அங்கேதான் இருக்கும். அரசு மருத்துவமனைகளிலும் ரோபோ வந்துகொண்டிருக்கிறது. சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனையில் 2022 முதல் இருக்கிறது. கடன் வாங்கி, நிலத்தை விற்று ரோபோவுக்குப் போக வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். மேலே லேப்ராஸ்கோப்பி பற்றிச் சொன்னதை ஒருமுறை திரும்பப் படியுங்கள்.

எந்த ஆஸ்பத்திரியில ரோபோ புதுசா இருக்குன்னு பார்த்துப் போகலாமா?

இயந்திரத்தின் வயதைவிட அந்தக் குழுவின் பழக்கத்தைப் பாருங்கள். உட்ரெக்டில் இந்த ஆபரேஷனை ஆரம்பித்த மருத்துவருக்குக் கை படிய 70 ஆபரேஷன் ஆயிற்று. அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்ட அடுத்தவருக்கு 24 போதுமாயிருந்தது. நெதர்லாந்தில் ஒரு மருத்துவமனை ஆண்டுக்குக் குறைந்தது 20 உணவுக்குழாய் ஆபரேஷனாவது செய்தால்தான் அனுமதி.

“வருஷத்துக்கு உணவுக்குழாய் எத்தனை செய்றீங்க டாக்டர்? ரோபோவில் எத்தனை?” என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். “ரோபோவில் ஆயிரம் செய்திருக்கிறோம்” என்று பதில் வந்தால், அதில் உணவுக்குழாய் எத்தனை என்று மறுபடி கேளுங்கள். பித்தப்பையும் கர்ப்பப்பையும் வேறு, இது வேறு.

கையால தொட்டுப் பார்க்காம எப்படி கட்டி எதுவரைக்கும் இருக்குன்னு தெரியும்?

நியாயமான சந்தேகம். பரவலாகப் பயன்படும் டா வின்சி என்ற ரோபோவில் நீண்ட காலம் தொடு உணர்வே இல்லாமல்தான் இருந்தது. திசு எவ்வளவு இழுபடுகிறது என்பதை அறுவை மருத்துவர் கண்ணால் பார்த்தே கணித்தார். 2024-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டா வின்சி 5 இயந்திரத்தில்தான் அழுத்தத்தைக் கைக்கு உணர்த்தும் கருவிகள் வந்தன. கட்டியின் எல்லையைப் பொறுத்தவரை, ஆபரேஷனுக்கு முன் எடுத்த எண்டோஸ்கோப்பி, சிடி, பெட் ஸ்கேன் மூலம் அது முன்பே தெரிந்திருக்கும். தேவைப்பட்டால் வெட்டிய ஓரத்தை அங்கேயே நோய்க்குறியியல் மருத்துவருக்கு அனுப்பிப் பார்ப்பார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னாடி நாங்க வீட்டில என்ன செய்யணும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு, எனக்கு மிகப் பிடித்த கேள்வியும் இதுதான். கீமோ, ரேடியேஷன் முடிந்து ஆபரேஷனுக்குப் பொதுவாக ஆறு முதல் பத்து வாரம் இடைவெளி இருக்கும். அந்த வாரங்களை வீணாக்கக் கூடாது. பீடி, சிகரெட், புகையிலை, மது எல்லாவற்றையும் அன்றே நிறுத்த வேண்டும். தினமும் நடக்க வேண்டும், மூச்சு வாங்கும் அளவுக்கு. சொத்தைப் பல் இருந்தால் காட்டிவிடுங்கள், வாய்க் கிருமிதான் நுரையீரலுக்கு இறங்குகிறது.

மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி ஒன்று கொடுப்போம். நிறையப் பேர் அதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது. நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, குழாயை உதட்டால் கவ்வி மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். பந்து மேலே எழுந்ததும் இரண்டு மூன்று விநாடி அப்படியே நிறுத்த வேண்டும். வேகமாக இழுத்து மூன்று பந்தையும் ஒரே நொடியில் தூக்குவதைவிட, ஒரு பந்தை நிதானமாகப் பிடித்து வைப்பது நுரையீரலுக்கு நல்லது. மார்பில் குழாய் போட்டு வலிக்கும்போது இதைப் புதிதாகக் கற்க முடியாது, முன்பே பழகியிருக்க வேண்டும்.

எடை குறைந்துகொண்டே போனால் மறைக்காமல் சொல்லுங்கள். விழுங்க முடியாவிட்டால் மூக்கு வழியாகவோ சிறுகுடலிலோ குழாய் வைத்து உணவு கொடுத்து உடம்பைத் தேற்றிவிட்டுத்தான் ஆபரேஷன். “குழாய் போட்டாலே முடிஞ்சுபோச்சு” என்று அழுபவர்கள் உண்டு. ஆபரேஷனைத் தாங்கும் தெம்பை அந்தக் குழாய்தான் தருகிறது.

எல்லாம் முடிஞ்சு அவர் பழையபடி சாப்பிடுவாரா?

சாப்பிடுவார், பழைய அளவில் இல்லை. இரைப்பை இப்போது ஒரு ஒடுங்கிய குழாய். மூன்று வேளைச் சோற்றை ஆறு வேளையாகப் பிரிக்க வேண்டும். சாம்பாரில் ஊறிய இட்லி, குழைந்த பருப்பு சாதம், முட்டை, மீன், தயிர் என்று மென்மையும் புரதமும் சேர்ந்ததைக் கொடுங்கள். வெறும் கஞ்சித் தண்ணீரில் எடை ஏறாது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி தள்ளிக் குடிக்கட்டும். பாயசம், ஜூஸ், குளூக்கோஸ் தண்ணீர் குடித்ததும் சிலருக்கு வியர்த்து, படபடத்து, வயிற்றுப்போக்கு ஆகும். சர்க்கரை குடலுக்குள் திடுதிப்பென்று இறங்குவதால் வருவது அது. அப்படி ஆனால் இனிப்பைக் குறைத்தாலே போதும்.

இரைப்பைக்கு மேலே இருந்த அடைப்பு வால்வும் போய்விட்டதால் படுத்தால் எதுக்களிக்கும். தலைப்பக்கம் உயர்த்திப் படுக்க வேண்டும், ராத்திரி சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் படுக்கை. சில மாதம் கழித்து மறுபடி சாப்பாடு இறங்காமல் விக்கினால் உடனே நோய் திரும்பிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். தைத்த இடம் சுருங்கியிருக்கலாம், எண்டோஸ்கோப்பியில் விரித்துவிடலாம். ஆனால் காட்டாமல் இருக்கக் கூடாது.

அப்பாவுக்கு 74 வயசு. முன்னாடி வயித்தில ஆபரேஷன் வேற ஆயிருக்கு. ரோபோ முடியுமா?

வயதைமட்டும் பார்த்து யாரும் மறுப்பதில்லை. மாடிப்படி ஏறுகிறாரா, நுரையீரல் சோதனை எப்படி, இருதயம் எப்படி, எடை எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். மார்பு வேலையின்போது ஒரு பக்க நுரையீரலைச் சுருக்கிவைக்க வேண்டியிருப்பதால் நுரையீரல்தான் முதல் கேள்வி. ஜப்பானில் மார்புக்குள் நுழையாமல் கழுத்து வழியாகவும் வயிற்று வழியாகவும் ரோபோவை அனுப்பி எடுக்கும் முறையையும் சில மையங்களில் செய்கிறார்கள், நுரையீரல் பலவீனமானவர்களை மனத்தில் வைத்து.

பழைய ஆபரேஷன் எது என்பதைப் பொறுத்து மீதி. குடல்வால் எடுத்ததால் பெரிய தடையில்லை. இரைப்பையில் ஏற்கெனவே வெட்டு விழுந்திருந்தால் அதைக் குழாயாக்க முடியாமல் பெருங்குடலைப் பயன்படுத்த வேண்டிவரலாம். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து வாருங்கள்.

ரோபோன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போய் பாதியில திறந்துட்டாங்க. ஏமாத்திட்டாங்களா?

மார்புக்குள் ஒட்டுதல் அதிகமாக இருந்தாலோ, ரத்தக்கசிவு வந்தாலோ, நோயாளியால் ஒற்றை நுரையீரலில் தாங்க முடியாவிட்டாலோ திறப்பதுதான் சரியான முடிவு. சரியான நேரத்தில் திறந்த மருத்துவரை நான் மதிக்கிறேன். ஒப்புதல் படிவத்தில் இந்தச் சாத்தியம் எழுதியிருக்கும், கையெழுத்துப் போடுமுன் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ரோபோ கட்டணம் அப்போது முழுக்க வாங்கப்படுமா என்பதையும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். பிறகு சண்டை வருவது அங்கேதான்.

கீமோ ரேடியேஷன்லயே கட்டி முழுசா கரைஞ்சிடுச்சுன்னு சொல்றாங்க. இனிமே ஆபரேஷன் எதுக்கு?

சில ஆண்டுகளுக்கு முன்வரை “கட்டாயம் வேண்டும்” என்று ஒரே பதில்தான் இருந்தது. கிராஸ் ஆய்வில் எடுத்த உணவுக்குழாயைச் சோதித்தபோது, ஸ்குவாமஸ் வகையில் பாதிக்கு நெருக்கமானவர்களிடம் உயிருள்ள புற்று அணுவே இல்லை. அப்படியானால் அவர்களுக்கு ஆபரேஷன் தேவையா என்ற கேள்வி எழுந்தது. அதற்கு நெதர்லாந்தில் நடந்த சானோ ஆய்வின் முடிவு 2025-இல் வெளிவந்தது. கட்டி கரைந்ததாகத் தெரிந்தவர்களில் ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், மறு பிரிவுக்குத் தீவிரக் கண்காணிப்பு. இரண்டு ஆண்டில் உயிரோடிருந்தவர்கள் கண்காணிப்பில் 74 சதவீதம், ஆபரேஷனில் 71 சதவீதம். கண்காணிப்பு தாழ்ந்ததல்ல என்று தெரிந்தது.

ஆனால் கண்காணிப்பு என்பது வீட்டில் சும்மா இருப்பதல்ல. முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி, ஆழமான பயாப்சி, எண்டோ அல்ட்ராசவுண்ட், பெட் ஸ்கேன். கண்காணிப்பில் இருந்தவர்களில் பாதிக்கு நெருக்கமானவர்களுக்குக் கட்டி அதே இடத்தில் மறுபடி தலைகாட்டியது, அவர்களுக்கு ஆபரேஷன் தேவைப்பட்டது. விழுங்க முடிகிறது, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று ஒரு சோதனையைத் தவறவிடுபவருக்கு இந்த வழி ஆபத்து. நூறு கிலோமீட்டர் பஸ் பிடித்து வர வேண்டியவர், கூட வர ஆளில்லாதவர், ஸ்கேனுக்குப் பணம் புரட்ட முடியாதவர் என்றால் அதையும் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவர் முடிவெடுக்க அந்தத் தகவலும் வேண்டும்.

அப்படிக் காத்திருந்து கட்டி திரும்ப வந்தா, அப்பவும் ரோபோவில செய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும், கடினம் கூடும். ரேடியேஷன் பட்ட திசு மாதங்கள் போகப் போக இறுகி, உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் மகாதமனிக்கும் இடையே இருந்த மெல்லிய இடைவெளி தழும்பாகிவிடும். அந்தத் தழும்புக்குள் பெரிதாக்கிய, ஆடாத படத்தோடு மெல்ல மெல்ல வழி பிரிப்பதற்கு ரோபோ கை கொடுக்கும் என்று நான் உடன் வேலை பார்த்த அறுவை மருத்துவர்கள் சொல்கிறார்கள். திறந்தே ஆக வேண்டிய நிலையும் வரலாம், அதற்கான காரணங்கள் இரண்டு கேள்விக்கு முன்னால் இருக்கின்றன.

எனவே கண்காணிப்பைத் தேர்ந்தெடுத்தாலும் மூச்சுப் பயிற்சி, நடை, எடை எல்லாவற்றையும் ஆபரேஷன் நாளை நடக்கப்போகிற மாதிரியே வைத்திருங்கள். சோதனை ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரே கோப்பில் அடுக்கி, ஒவ்வொரு முறையும் முழுக் கோப்பையும் கொண்டுவாருங்கள். போன முறை எடுத்த ஸ்கேனோடு இந்த முறை ஸ்கேனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கட்டி சீக்கிரம் பிடிபடும்.